தோற்ற போக்கிமான் ஆட்டத்தை அலசுவது எப்படி: ஐந்து வழிகளின் ஒப்பீடு

போக்கிமான் போட்டி ஆட்டங்களைத் தொடர்ந்து ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள். தோற்றாயிற்று, அந்தத் தோல்வியிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்கு ரீப்ளேயைத் திரும்பப் பார்ப்பதா, ஓர் அடி எவ்வளவு எடுக்கும் என்று சொல்லும் டேமேஜ் கால்குலேட்டரைத் திறந்து கணக்குப் போடுவதா, நன்றாக ஆடும் ஒருவரிடம் காட்டுவதா, அல்லது இதிலெல்லாம் நேரத்தைப் போடாமல் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவதா? எல்லாவற்றையும் செய்யுங்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் வேலைக்கோ கல்லூரிக்கோ போய்வந்து இரவில் ஒன்றரை மணி நேரம் ஆடுகிற ஒருவருக்கு அந்தப் பதிலால் எந்தப் பயனும் இல்லை. ஒரு ஆட்டத்துக்கு ஒரு வழியைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும் என்று வைத்துக்கொண்டு, எப்போது எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை இங்கே பார்க்கலாம்.

பேசப்போவது விஜிசி எனப்படும் இரட்டையர் வடிவத்தைப் பற்றி: ஆறு போக்கிமான்களைக் கொண்டுவந்து, எதிராளியின் ஆறையும் பார்த்த பிறகு நான்கைத் தேர்ந்தெடுத்து, ஒரே சமயத்தில் இரண்டைக் களத்தில் நிறுத்தி, 50ஆம் லெவலில் ஆடுவது. ஒற்றையர் வடிவங்களை ஆடுகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். எண்கள் மட்டும் சில இடங்களில் மாறும்.

## எதை வைத்து ஒப்பிடுகிறோம்

எந்த வகைத் தவறைக் காட்டுகிறது? ஒரு தோல்வி பல அடுக்குகளில் எங்கே வேண்டுமானாலும் தொடங்கியிருக்கலாம். அணியை அமைத்ததிலேயே கோளாறு இருக்கலாம். அணி சரியாக இருந்து, டீம் பிரிவியூவில் (இரு அணிகளையும் பார்க்கும் கட்டத்தில்) நான்கைத் தேர்ந்ததில் பிழை நடந்திருக்கலாம். தேர்வும் சரியாக இருந்து, ஒரு குறிப்பிட்ட டர்னில் (சுற்றில்) தவறாக முடிவெடுத்திருக்கலாம். ஒரு விதியோ ஓர் எண்ணோ தெரியாமல் ஆடியிருக்கலாம். இவை எதுவுமே இல்லாமல், நேரம் போதாமல் கடைசி நொடியில் கைக்கு வந்ததை அழுத்தியிருக்கலாம். அதிகாரப்பூர்வப் போட்டிகளில் தேர்வுக்கு 90 நொடி, ஒரு டர்னுக்கு 45 நொடி, ஆட்டம் முழுவதற்கும் ஒருவருக்கு 7 நிமிடம் என்ற கடிகாரத்தை எளிதாக எண்ணிவிடக் கூடாது.

அதிர்ஷ்டத்தையும் முடிவையும் பிரிக்கிறதா? செஸ் ஆடுகிறவர்கள் ஆட்டம் முடிந்ததும் பலகையைத் திரும்ப அடுக்கி அலசுவார்கள், பிறகு கணினியில் போட்டுப் பார்ப்பார்கள். அங்கே ஒரு நிலைக்குச் சிறந்த நகர்வு என்று ஒன்று இருக்கிறது, இயந்திரம் அதைச் சொல்லியும் விடுகிறது. போக்கிமானில் இருவரும் ஒரே நேரத்தில் மூவை, அதாவது அந்த டர்னில் செய்யப்போவதை, தேர்கிறார்கள். எதிராளி அந்த டர்ன் அடிபடாமல் காக்கும் ப்ரொடெக்ட் போடுவாரா மாட்டாரா என்பது தெரியாமல் எடுத்த முடிவு சரியானதாக இருந்தும் தோற்கலாம்; மோசமான முடிவு வென்றும் விடலாம். அதற்கு மேல், ஒவ்வொரு அடியும் 85 முதல் 100 சதவீதத்துக்குள் 16 அளவுகளில் ஏதோ ஒன்றாக விழுகிறது, 24இல் ஒரு அடி கிரிட்டிகலாகி இன்னும் பலமாக விழுகிறது, ராக் ஸ்லைடு என்ற மூவ் 10 சதவீதம் தவறுகிறது, பட்டால் 30 சதவீதம் எதிரியை அந்த டர்ன் ஆடவிடாமல் செய்கிறது. ஆகவே விளைவை மட்டும் பார்த்து முடிவை எடைபோடும் எந்த அலசலும் நம்மைத் தவறான பாடத்துக்கு அழைத்துப் போகும்.

எவ்வளவு நேரமும் ஊக்கமும் கேட்கிறது? தோற்ற கையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து தன் தவறுகளைப் பார்க்கும் மனநிலை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

அடுத்த ஆட்டத்தில் கைகொடுக்குமா? அதிகாரப்பூர்வப் போட்டியில் வெற்றுத்தாளும் பேனாவும் வைத்துக் குறிப்பெடுக்கலாம். கைப்பேசி கூடாது, கால்குலேட்டரும் கூடாது. அலசலில் கிடைத்தது 45 நொடிக்குள் தலையில் வந்து நிற்கும் வடிவத்தில் இல்லையென்றால் அது கிடைத்ததாகவே கணக்கில் வராது.

## உரைகல்லாக ஓர் ஆட்டம்

ஐந்து வழிகளையும் வெவ்வேறு ஆட்டங்களில் காட்டினால் ஒப்பீடு நிற்காது என்பதால், நான் தோற்ற ஒரே ஆட்டத்தை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறேன். என் பக்கம் கார்ச்சோம்பும் டார்னடஸும். எதிரே இன்சினரோரும் டிராகனைட்டும். இன்சினரோர் களத்தில் வந்ததும் எதிரிகளின் அட்டாக்கைக் குறைக்கும் அதன் திறனான இன்டிமிடேட், என் கார்ச்சோம்பின் அட்டாக் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்தது. முதல் டர்னில் அது டார்னடஸின் மேல் ஃபேக் அவுட் போட்டது, டார்னடஸ் அசையவில்லை. டிராகனைட் தன் அட்டாக்கையும் வேகத்தையும் கூட்டும் டிராகன் டான்ஸ் ஆடியது. கார்ச்சோம்பின் நிலத் தாக்குதலான எர்த்குவேக்கில் இன்சினரோரின் உயிர் 52 சதவீதத்துக்கு வந்தது. இரண்டாம் டர்னில் டார்னடஸ் என் பக்கத்தின் வேகத்தைக் கூட்டும் டெயில்விண்ட் போட்டது, கார்ச்சோம்ப் மீண்டும் எர்த்குவேக். இன்சினரோர் 1 சதவீதத்தில் நின்றது. டிராகனைட் இரண்டாவது முறையும் டான்ஸ் ஆடியது. மீதியை விவரிக்கத் தேவையில்லை. ஏழாம் டர்னில் ஆட்டம் முடிந்தது, நான் திரையைப் பார்த்து “ஒரு சதவீதம்!” என்று கத்தியதில் அடுத்த அறையிலிருந்து அம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

## ஐந்தையும் ஒரே பார்வையில்

நேர அளவுகள் எனக்கு ஆகிறவை. உங்களுக்குக் கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

| வழி | நேரம் | நன்றாகக் காட்டுவது | காட்டாதது | மறைந்த விலை |
|---|---|---|---|---|
| நினைவுக் குறிப்பு | 5 நிமிடம் | நீங்கள் என்ன நினைத்து ஆடினீர்கள் | எண்கள், மறந்துபோன டர்ன்கள் | கோபத்தில் எழுதினால் புகார்ப் பட்டியலாகிவிடும் |
| ரீப்ளே | 20 நிமிடம் | நிகழ்ந்தவற்றின் வரிசை, ஆட்டம் திரும்பிய இடம் | இருவரின் எண்ணங்கள் | முடிவு தெரிந்த பிறகு எல்லாம் முன்பே தெரிந்ததுபோல் தோன்றும் |
| டேமேஜ் கால்குலேட்டர் | 30 நிமிடம் | அறிவுக் குறை, அதிர்ஷ்டத்தின் அளவு | கேட்காத கேள்விக்கான பதில் | எதிராளியின் ஈவி (ஆட்டக்காரர் பங்கிடும் பயிற்சிப் புள்ளிகள்) பற்றிய ஊகம் உண்மையாகிவிடும் |
| இன்னொருவருடன் பேசுதல் | ஒரு மணி நேரம் | திட்டத்திலும் தேர்விலும் உள்ள கோளாறு | அவருக்கும் பழக்கமில்லாதவை | அவர் பாணி உங்களிடம் ஒட்டிக்கொள்ளும் |
| எண்ணிக்கைப் பதிவு | ஆட்டத்துக்கு 2 நிமிடம் | அணி அமைப்பு, திரும்பத் திரும்ப வரும் தோல்வி | தனி ஆட்டத்தின் காரணம் | அணியை மாற்றினால் பழைய பதிவு வீண் |

## நினைவுக் குறிப்பு

ஆட்டம் முடிந்து, ரீப்ளேயைத் திறப்பதற்கு முன்பே, மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்வது. என் திட்டம் என்னவாக இருந்தது? எந்த டர்னில் எனக்குச் சந்தேகம் வந்தது? அங்கே வேறு எதை யோசித்துக் கைவிட்டேன்?

பலரும் இதை அலசலாகவே மதிப்பதில்லை, நானும் நெடுநாள் மதிக்கவில்லை. ஆனால் மற்ற நான்கு வழிகளுக்கும் வேண்டிய மூலப்பொருள் இதில்தான் இருக்கிறது. ரீப்ளே நாளைக்கும் இருக்கும், அடுத்த மாதமும் இருக்கும். இரண்டாம் டர்னில் டான்ட்டா (எதிரி டான்ஸ் போன்றவற்றை ஆடவிடாமல் தடுக்கும் மூவ்) டெயில்விண்டா என்று தயங்கியபோது மனத்தில் ஓடியது என்ன என்பது அரை மணி நேரத்தில் மங்கிவிடுகிறது. அதைவிட மோசம், அது மங்குவதோடு நில்லாமல் உருமாறுகிறது. முடிவைத் தெரிந்துகொண்ட மனம், தான் அப்போதே அதைச் சந்தேகித்ததாகக் கதை கட்டிக்கொள்கிறது.

அன்றைக்கு நான் எழுதிய குறிப்பு அப்படியே இது: “இன்சினரோர் போயிடுச்சுன்னா ஜெயிச்சாச்சு. ரெண்டு எர்த்குவேக் போதும். 1 சதவீதம். அநியாயம்.” எழுதும்போது இதில் எந்தத் தவறும் எனக்குப் படவில்லை. முதல் வாக்கியத்தில்தான் தோல்வியின் முழுக் காரணமும் இருந்தது என்பது மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது; எழுதி வைக்காமல் இருந்திருந்தால் அந்த வாக்கியத்தை நினைத்ததையே மறுத்திருப்பேன்.

இதன் குறை வெளிப்படை. எண்கள் நினைவில் தவறும், ஆட்டத்தின் நடுப்பகுதி கலங்கும், தோற்ற எரிச்சலில் எழுதினால் எதிராளியின் அதிர்ஷ்டத்தைப் பற்றிய முறையீடாக முடியும். அதற்கு நான் வைத்திருக்கும் கட்டுப்பாடு ஒன்றே: அதிர்ஷ்டத்தைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதக் கூடாது.

மூன்றில் இரண்டு வெல்ல வேண்டிய தொடரில், ஓர் ஆட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கிடைக்கும் சிறு இடைவெளியில் செய்யக்கூடிய அலசல் இது ஒன்றுதான். அங்கே கேள்விகள் மாறும்: அவர் எந்த நான்கைக் கொண்டுவந்தார், எது எதைவிட முந்தியது, ப்ரொடெக்டை எப்போது போட்டார். அந்த அளவுக்கு மேல் அங்கே எழுத நேரமும் இருக்காது.

## ரீப்ளேயைத் தனியாகப் பார்ப்பது

ஷோடவுன் என்ற இணையதளத்தில் ஆடுகிறவர்களுக்கு இது இலவசமாகக் கிடைக்கிறது: ஆட்டம் முடிந்ததும் பதிவேற்றலாம், தரவிறக்கலாம், வேண்டிய டர்னுக்குத் தாவலாம், பார்வையை எதிராளியின் பக்கத்துக்குத் திருப்பலாம். நிண்டெண்டோ சுவிட்ச் கருவியில் நேரடியாக ஆடுகிறவர்களுக்கு வேலை அதிகம். பதிவுப் பொத்தான் கடைசி 30 நொடியை மட்டுமே சேமிக்கிறது, முழு ஆட்டத்தையும் பிடிக்க வேண்டுமானால் தனியாக ஒரு பதிவுக் கருவி வேண்டும்.

எப்படிப் பார்ப்பது என்பதில்தான் இதன் பயனெல்லாம். முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டுப் பார்த்தால் அது பொழுதுபோக்கு. ஒவ்வொரு டர்னுக்கு முன்னும் நிறுத்தி, இப்போது எதிராளிக்கு எது மிகவும் வேண்டியது என்று கேட்டுக்கொண்டு, பிறகு ஓடவிட்டால் அலசலாகும். பார்வையை எதிர்ப்பக்கம் திருப்பிப் பார்ப்பதை நான் வற்புறுத்திச் சொல்வேன். என் பக்கத்திலிருந்து பார்க்கையில் அந்த ஆட்டம் இன்சினரோரைப் பற்றியதாக இருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தபோது, இன்சினரோர் எவ்வளவு அடிவாங்குகிறது என்பதில் அவருக்கு அக்கறை இருந்ததற்கான அடையாளமே தென்படவில்லை. அவர் அதை மாற்றவும் இல்லை, ப்ரொடெக்டால் காக்கவும் முயலவில்லை. டிராகனைட்டுக்கு இரண்டு டர்ன் வாங்கிக்கொடுக்க அதை நிறுத்தியிருந்தார்.

இது எனக்கு முதல்முறை பார்த்தபோதே புரிந்ததென்று சொன்னால் பொய். முதல்முறை பார்த்தபோது அந்த 1 சதவீத இடத்தை நான்கு தடவை திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ரீப்ளேயின் உண்மையான ஆபத்து இதுதான்: வலித்த இடத்துக்கு நம்மை இழுத்துக்கொண்டு போகிறது, தவறு நடந்த இடத்தை விட்டுவிடுகிறது. இரண்டும் ஒரே டர்னில் அமைவது அபூர்வம்.

இன்னொரு மறைந்த விலையும் உண்டு. ஷோடவுனில் பொதுவில் பதிவேற்றிய ரீப்ளேயைப் பயனர் பெயரைத் தேடி யாரும் எடுத்துப் பார்க்கலாம். போட்டிக்கு முந்தைய வாரத்தில் உங்கள் அணியின் எல்லா மூவ்களையும் அப்படி வரிசையாக அடுக்கி வைப்பது, எதிராளிக்கு நீங்களே பாடக்குறிப்பு எழுதிக் கொடுப்பதற்குச் சமம். தரவிறக்கிக்கொண்டு உங்கள் கணினியிலேயே பாருங்கள்.

## டேமேஜ் கால்குலேட்டர்

“அநியாயம்” என்று எழுதிய வரியை நான் கால்குலேட்டரில் சோதித்தேன். கார்ச்சோம்புக்கு ஜாலி நேச்சர் (வேகத்தைக் கூட்டும் குணம்), அட்டாக்கில் 252 ஈவி: 50ஆம் லெவலில் அட்டாக் 182. இன்சினரோருக்கு எச்பியில் (உயிரின் அளவில்) 252, டிஃபென்ஸில் எதுவும் இல்லை என்று வைத்தால் எச்பி 202, டிஃபென்ஸ் 110. இன்டிமிடேட் இல்லாமல் எர்த்குவேக் 138 முதல் 164 வரை எடுக்கும், அதாவது 68 முதல் 81 சதவீதம். இன்டிமிடேட் பட்ட பிறகு அட்டாக் 121 ஆகிறது, அடி 92 முதல் 110 வரை சுருங்குகிறது, 45.5 முதல் 54.5 சதவீதம்.

இரண்டு அடியில் 202ஐ எட்ட வேண்டும். முதல் அடிக்கு 16 அளவுகள், இரண்டாவதற்கு 16, ஆக 256 இணைகள். கிரிட்டிகலைச் சேர்க்காமல் எண்ணினால் அவற்றில் 127 இணைகளில் இன்சினரோர் விழுகிறது, 129 இணைகளில் நிற்கிறது. நான் உறுதியென்று நம்பியது பூவா தலையா. எனக்கு 98, பிறகு 102 விழுந்திருக்கிறது, மொத்தம் 200. ஆகவே அநியாயம் எதுவும் நடக்கவில்லை. பாதிக்குப் பாதி நடக்கக்கூடியது நடந்தது.

இதே கணக்கில் வேறொன்றும் தெரியவந்தது. எர்த்குவேக் இரட்டையர் ஆட்டத்தில் பலரைத் தாக்கும் மூவ் என்பதால் அதன் சக்தி 0.75 மடங்காகக் குறைகிறது. டிராகனைட்டும் டார்னடஸும் பறக்கும் வகை, நில அடி அவற்றின் மேல் படாது. எனவே உண்மையில் ஒன்றைத்தான் அடிக்கிறோம், குறைப்பு இருக்காது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். களத்தில் இலக்குகள் நின்றால் போதும், அடி படாவிட்டாலும் கழிவு உண்டு. ஆண்டுக்கணக்கில் ஆடியும் இது எனக்குத் தெரியாது. இந்த வகை அறிவுக் குறையை வேறு எந்த வழியும் இவ்வளவு துல்லியமாகப் பிடித்துத் தராது.

இவ்வளவு சொல்லிவிட்டு, கால்குலேட்டர் அன்று எனக்குத் தந்த பாடம் தவறானது என்பதையும் சொல்ல வேண்டும். எண்களைப் பார்த்த நான், கார்ச்சோம்பை ஒரு டர்ன் வெளியே எடுத்து மீண்டும் இறக்கியிருந்தால் அட்டாக் பழைய நிலைக்கு வந்திருக்கும், அடுத்த எர்த்குவேக்கில் இன்சினரோர் நிச்சயம் விழுந்திருக்கும் என்று முடிவுகட்டினேன். கணக்கு சரி. ஆனால் அந்த இரண்டு டர்னில் டிராகனைட் என்ன செய்துகொண்டிருக்கும்? கால்குலேட்டரிடம் நான் இன்சினரோரைப் பற்றி மட்டுமே கேட்டேன், அது இன்சினரோரைப் பற்றி மட்டுமே சொன்னது.

மறைந்த விலை ஊகத்தில் இருக்கிறது. நேரடிப் போட்டிகளில் இப்போது இரு தரப்பும் அணித்தாளைப் பரிமாறிக்கொள்வதால் மூவ்களும் கையிலிருக்கும் பொருளும் தெரிந்துவிடுகின்றன. ஈவி பங்கீடு தெரிவதில்லை. டிஃபென்ஸில் அவர் கொஞ்சம் போட்டிருந்தால் என் 127 இன்னும் குறைந்துவிடும். ரீப்ளேயில் தெரியும் சதவீதத்தை வைத்து பின்னோக்கி ஊகிக்கலாம், ஆனால் ஒரே அடியைக் கொண்டு ஒரே பங்கீட்டை நிறுவிவிட முடியாது.

கண்டிப்பாக இதையே தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் ஆடத் தொடங்கி முதல் சில மாதங்களில் இருப்பவர்கள். அந்தக் கட்டத்தில் பெரும்பாலான தோல்விகளுக்கு, எது எவ்வளவு அடிக்கும், எது எதை முந்தும் என்பது தெரியாததே காரணம்.

## இன்னொருவருடன் பேசுவது

கல்லூரியில் எனக்கு மூத்தவர் ஒருவர் இந்த ஆட்டத்தில் எனக்கும் மூத்தவர். ரீப்ளேயை அவருக்கு அனுப்பிவிட்டு, 127, 129 என்று என் கணக்கையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்றே கேட்டார்.

“டார்னடஸ்கிட்ட டான்ட் இருந்துச்சே தம்பி, ரெண்டாவது டர்ன்ல ஏன் போடல?”

“அண்ணா, இன்சினரோர் போனா போதும்னு நினைச்சேன்.”

“இன்சினரோர் உன்னை என்ன பண்ணிடும்?”

பதில் இல்லை. தாக்காத மூவ்களை முந்திப் போடவைக்கும் ப்ராங்க்ஸ்டர் திறன் இருப்பதால் டார்னடஸின் டான்ட் டிராகனைட்டை முந்தியிருக்கும், இரண்டாவது டான்ஸ் நடந்திருக்காது. ஒரு டான்ஸ் ஆடிய டிராகனைட்டை என் அணி தாங்கும். இரண்டு ஆடியதைத் தாங்காது. இன்சினரோர் விழுந்திருந்தாலும் அன்று நான் தோற்றிருப்பேன். டீம் பிரிவியூவிலேயே இந்த ஆட்டம் யாரைப் பற்றியது என்று தவறாகக் கணித்ததும், அந்தக் கணிப்பைக் கடைசிவரை மாற்றாததும்தான் தவறு. குறிப்பு, ரீப்ளே, கால்குலேட்டர் மூன்றும் தொட்டுவிட்டு நகர்ந்த இடத்தை இரண்டு கேள்விகள் திறந்துவிட்டன.

அதற்குக் காரணம் அவர் என்னைவிடப் பெரிய ஆட்டக்காரர் என்பது மட்டும் இல்லை. அவருக்கு அந்த 1 சதவீதம் வலிக்கவில்லை.

விலை இல்லாமல் இல்லை. அவர் நேரத்தைக் கேட்கிறோம், ஆகவே ஒவ்வொரு தோல்வியையும் கொண்டுபோய்க் கொட்ட முடியாது. வாரத்துக்கு ஒன்று என்று நாங்கள் வைத்திருக்கிறோம். குறிப்பு இல்லாமல் போனால் உரையாடல் பாதி நேரம் “அப்போ என்ன நினைச்சே?”, “ஞாபகம் இல்லைண்ணா” என்றே கழியும். அவர் வேகமான அணிகளை ஆடுகிறவர். மெதுவானவை முந்திக்கொள்ளும் ட்ரிக் ரூம் அணி ஒன்றை நான் எடுத்துப் போனபோது அவர் சொன்ன யோசனையெல்லாம் அதை வேகமான அணியாக மாற்றுவதற்கான யோசனையாகவே இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் எதிராளியிடமே கேட்பது இதன் இன்னொரு வடிவம், நம்மில் பலர் கூச்சத்தால் விட்டுவிடுவது. எதைக் கண்டு பயந்தீர்கள் என்று பணிவாகக் கேட்டால் பெரும்பாலானோர் சொல்கிறார்கள். அந்தத் தகவல் உலகத்தில் அவர் ஒருவரிடம்தான் இருக்கிறது. “உங்களுக்கு நல்ல அதிர்ஷ்டம்” என்று பேச்சைத் தொடங்கினால் மட்டும் எதுவும் கிடைக்காது.

## எண்ணிக்கைப் பதிவு

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எந்த நான்கைக் கொண்டுபோனேன், முதலில் எந்த இரண்டை நிறுத்தினேன், எதிரணியின் வகை என்ன, வென்றேனா தோற்றேனா என்று ஒரு வரியில் பதிவது. ஆறில் ஒரு போக்கிமானை இருபது ஆட்டத்தில் இரண்டு முறைதான் கொண்டுபோயிருக்கிறீர்கள் என்றால் அதன் இடத்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதை வேறு எதுவும் இப்படி முகத்திலடித்துச் சொல்லாது.

வெற்றி விகிதத்தை இதிலிருந்து எடுப்பவர்கள் நிதானமாக எடுக்க வேண்டும். இருபதில் பன்னிரண்டு வென்றால் 60 சதவீதம் என்று மகிழலாம். புள்ளியியல்படி உங்கள் உண்மையான விகிதம் ஏறக்குறைய 36க்கும் 81க்கும் இடையே எங்கும் இருக்கலாம். அது தெளிவாகும் அளவுக்கு ஆடி முடிப்பதற்குள் அணியை மாற்றியிருப்பீர்கள், அல்லது விதித்தொகுப்பே மாறியிருக்கும்.

பொதுப் பயன்பாட்டுப் புள்ளிவிவரங்களோடு நம் பதிவை ஒப்பிட்டு, அதிகம் பேர் வைத்திருப்பதை நாமும் வைத்துக்கொள்வது இந்த வழியில் வரும் சபலம். 2014இல் வாஷிங்டன் நகரில் நடந்த உலகப் போட்டியை வென்ற கொரியாவின் பார்க் சே ஜுன் தன் அணியில் பாச்சிரிசுவை வைத்திருந்தார். பயன்பாட்டுப் பட்டியலைப் பார்த்து யாரும் அந்த மின் அணிலைத் தேர்ந்திருக்க மாட்டார்கள். ஃபாலோ மீ கொண்டு எதிரியின் தாக்குதலைத் தன்மேல் இழுத்து, அவருடைய கியாரடோஸுக்கு ஆகாத மின் அடிகளை வோல்ட் அப்சார்ப் கொண்டு விழுங்கிவிடுவது அதன் வேலை. குறிப்பிட்ட தோல்வி ஒன்றுக்குக் குறிப்பிட்ட விடை அப்படித்தான் இருக்கும். அதன் பிறகு காரணம் தெரியாமலே பாச்சிரிசுவைச் சேர்த்துக்கொண்டு தோற்றவர்களையும் எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன்.

## யாருக்கு எது

புதிதாக ஆடுகிறவர் கால்குலேட்டரைத் தேர்ந்தெடுக்கட்டும், அதுவும் தோற்ற ஆட்டத்தில் உயிர் தப்பிய அடிகளை மட்டும் கணக்குப் போடட்டும். ஓரளவு எண்கள் கைவந்து, தரவரிசையில் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நிற்கிறவருக்குக் கால்குலேட்டர் இனி அதிகம் தராது. அவருக்கு நான் சொல்வது குறிப்பும், அதற்கு மறுநாள் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கும் ரீப்ளேயும். மறுநாள் என்பது முக்கியம். போட்டிக்கு இரண்டு வாரம் இருப்பவர் இன்னொருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும், ஏனென்றால் திட்டத்தில் உள்ள கோளாறைத் தானே கண்டுபிடிக்க அவருக்கு நேரமில்லை. புது அணி கட்டுகிறவருக்கு எண்ணிக்கைப் பதிவு. அணியைத் தொடாமல் முப்பது ஆட்டமாவது ஆடும் பொறுமை இருந்தால் மட்டும்.

அலசாமல் அடுத்த ஆட்டத்துக்குப் போவதும் சில வேளைகளில் சரியான தேர்வுதான். தொடர்ந்து மூன்று தோற்று மனம் கொதிக்கும் இரவில் எழுதும் குறிப்பும் பார்க்கும் ரீப்ளேயும் பொய்தான் சொல்லும். அன்றைக்கு அடுத்த ஆட்டத்தையும் விட்டுவிடுவது இன்னும் நல்லது. ஒரே ஒரு வழிதான் வேண்டும் என்று என்னைக் கட்டாயப்படுத்தினால் ஐந்து நிமிடக் குறிப்பைத்தான் வைத்துக்கொள்வேன்.

அந்த அணியில் நான் எதையும் மாற்றவில்லை. டீம் பிரிவியூவின் 90 நொடியில், இரண்டு டர்ன் சும்மா விட்டால் என்னை முடித்துவிடக்கூடியது எதிரணியில் எது என்று தாளில் அதன் பெயரை எழுதி வட்டமிடுகிறேன், அவ்வளவே. பத்து நாள் கழித்து அதே இணை எதிரே வந்தது. டிராகனைட்டை வட்டமிட்டிருந்ததால் முதல் டர்னில் கார்ச்சோம்புக்கு ப்ரொடெக்ட், இரண்டாவதில் டான்ட், எல்லாம் சரியாக நடந்தது. ஒவ்வொரு டர்னிலும் யோசித்து யோசித்து ஏழு நிமிடமும் தீர்ந்துபோய் அந்த ஆட்டத்தைக் கடிகாரத்திடம் தோற்றேன். அன்றைய குறிப்பில் ஒரே வரி: “வட்டம் போட 40 நொடி ஆகுது.”